டெய்லரின் தளர்ந்த இடுப்பு

1.

இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது. உடல்நலப் பத்திரிகை ஆசிரியர் போனில், "சர்க்கரை நோயை நடந்தே விரட்டின ஒருத்தரைப் பத்தி எழுதுங்க. படிச்சா நம்பிக்கை வரணும்" என்றார். (எதிர்ப்பக்கத்தில் கேக் கடை விளம்பரமாம். இடம் ஏற்கெனவே விற்றாயிற்று.)

2.

'அதிகாலைப் பனியில் டெய்லர் வேகவேகமாக நடந்துகொண்டிரு—'

வேண்டாம். என் டெய்லர் நடக்கிற ஆளில்லை. மெஷின் மிதிப்பதே நடைதான் என்று சாதிப்பவர். [மெஷினுக்கு மோட்டார் பொருத்தி வருஷக்கணக்காகிறது. அதை நீங்களே அவரிடம் சொல்லிப் பாருங்கள்.]

டாக்டர்தான் வழிக்குக் கொண்டுவந்தார். "எடை குறைஞ்சா சர்க்கரையும் இறங்கும். அப்புறம் மாத்திரையைக் குறைக்கலாமான்னு நான் பார்த்துச் சொல்றேன். இப்படியே இருந்தா கண்ணு போயிடும்."

கண் போனால் ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி? மனுஷன் ஆடிப்போனார். சாப்பாட்டைப் பாதியாக்கினார். டீயில் சர்க்கரையை விட்டார். நடக்கவும் போனார்.

3.

சில நாளிலேயே புலம்பல் ஆரம்பித்தது. "இவ்வளவு வாயைக் கட்டியும் ஒண்ணும் குறையலையே!"

பார்க்கப் பொறுக்கவில்லை அவர் மனைவிக்கு. அவளும் தையல்காரிதான். அவர் கடையில் இருந்த நேரத்தில், வீட்டிலிருந்த அவருடைய பேன்ட்டுகளின் இடுப்பைப் பிரித்துத் தளர்த்தித் தைத்துவிட்டாள்.

[ஒரு டெய்லருக்கு இது தெரியாமலா போகும்? எனக்கும் சந்தேகம்தான். ஊரார் துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிப்பவர். ஆனால் பாராட்டை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?]

"இங்க பாரு, பேன்ட் நிக்கவே மாட்டேங்குது!" என்று குதித்தார். அன்றோடு நடை நின்றது. ஜெயித்த சந்தோஷத்தில் கேக் வந்தது. இன்று மாத்திரை அட்டையோடு குப்பைக்கூடைக்கு முன்னால் நிற்கிறார். "இனி இது எதுக்கு? எனக்குத்தான் சரியாயிடுச்சே."

4.

முடிவு அ: ரத்தப் பரிசோதனையில் அவர் பூரண குணம். ஆசிரியர் கேட்டது இதுதான். எனக்குக் கை கூசுகிறது.

முடிவு ஆ: அவள் ராத்திரியோடு ராத்திரியாக இடுப்பைப் பழையபடி பிடித்துத் தைக்க, பயந்துபோய் மறுபடி நடக்கிறார். [பொய்க்கு ஒட்டுப்போட இன்னொரு பொய். பத்திரிகைக்குப் பொருத்தம்தான்.]

முடிவு இ: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள், அவர் வாய்விட்டுச் சிரித்து—

சிரிக்க மாட்டார். அவமானத்தில் அவளோடு பேசாமலே இருப்பார். அது அவளுக்கும் தெரியும்.

"ஏங்க, கொஞ்சம் இருங்க" என்கிறாள். அவர் திரும்புகிறார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்ததில்லை. மேற்கொண்டு அவளுக்கு வாய் வரவில்லை. அவளைப் பேசவைக்க எனக்கும் துணிச்சலில்லை.

நீங்களாவது சொல்லித் தொலையுங்கள். சீக்கிரம், அட்டையை விடப்போகிறார்.