ஒற்றை இருக்கைப் படகு

ஆக்சிஜன் சிலிண்டரை நிறுத்தி வைக்கப் படகில் எந்த இடத்தில் இரும்புப் பட்டை அடிக்கலாம் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"அது வேணாம்" என்றான்.

"எது?"

"பட்டை. சும்மா எடத்த அடைக்கும்."

நான் சிரித்துவிட்டேன். "அப்ப சிலிண்டர மடியில வெச்சுக்கிட்டா மீன் புடிக்கப் போற? பச்சக் கொழந்த மாதிரி?"

அண்ணன் டெல்பர்ட் சிரிக்கவில்லை. கொட்டகை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, கால்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மூக்கில் மாட்டியிருந்த குழாய் முற்றத்துச் சேற்றைத் தாண்டி, படியேறி, சமையலறைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இருக்கும் ஆக்சிஜன் மெஷின் வரைக்கும் போயிருந்தது. வாசல் வரைக்கும்தான் அது எட்டும். அதனால் அங்கேயிருந்தே எனக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். பிளைவுட்டை எப்படி அறுக்க வேண்டும், பேட்டரியை எந்தப் பக்கம் வைத்தால் படகு சாயாது, ஆணிக்குப் பதில் ரிவெட் ஏன் நல்லது. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மூன்று துண்டாக்கி, நடுநடுவே மூச்சை வாங்கிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. ஆனாலும் திட்டுவதை மட்டும் அவன் சுருக்கிக்கொள்ளவில்லை.

பழைய அலுமினியப் படகு அது. வருஷக்கணக்காகக் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒருநாள் திடீரென்று, "வசந்தத்துல பாஸ் மீனு கரைக்கு வர்றப்ப நான் தண்ணியில இருக்கணும். படகத் தூக்கி நிமித்துடா" என்று அண்ணன் போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அதுவரை அவன் எதையும் கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினான். படுத்தால் மூச்சு முட்டும். தபால்பெட்டி வரைக்கும் போய்வர முடியாது. அப்படிப்பட்டவன் ஒரு ஆசையைச் சொன்னால் யார் மறுப்பார்கள்? நிலக்கரிச் சுரங்கம் மூடியதிலிருந்து எனக்கும் வேறு வேலை இல்லை.

சருகையும் எலிக்கூட்டையும் வாரிக் கொட்டினேன். அடிப்பக்கத்து ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். நடு இருக்கையை வெட்டி எடுத்துவிட்டு, முன்பக்கம் பிளைவுட்டில் ஒரு மேடை அடித்து, அதன்மேல் பச்சைக் கம்பளம் ஒட்டினேன். மேடையின் நுனியில் சின்ன பேட்டரி மோட்டார். காலால் மிதித்தே ஓட்டலாம், திருப்பலாம், இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சம். நின்று வீச அண்ணனால் முடியாது என்பதால் முதுகு சாயும் இருக்கை ஒன்றை வாங்கி வந்து மேடைமேல் பொருத்தினேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது.

பட்டை வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே இன்னொன்றும் சொன்னான். "பின்னாடி சீட்டையும் கழட்டிரு. தூண்டில் மாட்டுற கொக்கியும் ஒண்ணு போதும். அந்த மிதவைச் சட்டையெல்லாம் எடுத்து வீட்டுல போடு. பூஞ்சை புடிச்சு நாறுது."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"நீ எதுக்கு?"

ரிவெட் அடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. கம்பளம் ஒட்டிய மேடையையே, அதன்மேல் தனியாக நிற்கும் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ சாமான் வேண்டும் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடைக்குப் போகவில்லை. மூடிக்கிடக்கும் சுரங்கத்தின் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவும் நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்து, இதே நோயில்தான் போனார். முன் அறையில் கட்டில் போட்டிருந்தோம். எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாஸ்டர் வந்தார், பாட்டுப் பாடினார்கள். அதெல்லாம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. நினைவில் இருப்பது சத்தம் மட்டும். ஒரு மூச்சு உள்ளே போகும். அடுத்தது வருமா வராதா என்று வீடே காத்திருக்கும். கடைசியில் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கி, எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதாவது செய்யுங்களேன் என்கிற பார்வை. டெல்பர்ட் எழுந்து வெளியே போய்க் கோடாரியை எடுத்து, தேவையே இல்லாமல் விறகு பிளந்துகொண்டிருந்தான். அடக்கம் முடிந்த மறு வாரமே நாங்கள் இருவரும் திரும்பவும் சுரங்கத்துக்குள் இறங்கினோம். எங்கள் பக்கத்தில் வேறு என்ன வேலை இருந்தது?

என் நெஞ்சு எக்ஸ்ரே படத்திலும் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகப் போன வருஷம் டாக்டர் சொன்னார். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. அதனால் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், அவனைத் தடுக்க வேண்டும் என்று நினைத்த அதே மனசு, அவன் நிலையில் நான் இருந்தால் எனக்கும் யாராவது ஒரு படகைத் தயார்பண்ணிக் கொடுப்பார்களா என்றும் நினைத்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அண்ணியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து திரும்பினேன். அண்ணன் சோபாவில் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ரோடா அண்ணி தொட்டியில் மெஷினின் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் தனியாப் போறேங்குறான்."

"தெரியும்."

"சிலிண்டர் வேணாங்குறான்."

"அதும் தெரியும்." வடிகட்டியைப் பிழிந்து ஜன்னல் ஓரத்தில் காயப்போட்டாள். திரும்பவில்லை. "சோள ரொட்டி இருக்கு. சாப்புடுறியா?"

"அண்ணி, நான் சொல்றது புரியுதா உங்களுக்கு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் நிறையப் பேசுகிறவள். இந்தக் குளிர்காலத்தில் அவளும் அண்ணனைப்போலவே வார்த்தையை எண்ணிச் செலவழிக்கப் பழகியிருந்தாள். "ராத்திரியில அவர் பக்கத்துல உக்காந்திருக்கறவ நான், எஸ்டில். அது மூச்சே இல்ல. ரம்பம் அறுக்குற மாதிரி. போன மாசம் ஒரு நாள், இது நின்னுட்டா நல்லாருக்குமேன்னு எனக்கே தோணிடுச்சு. ஒரு நிமிஷம்தான். அப்பறம் போய் மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன். ஆனா தோணிடுச்சுல்ல? அதுக்கப்பறம் நான் எந்த வாயால அவர வேணாம்னு சொல்றது? சொன்னா அவருக்காகச் சொல்றேனா, எனக்காகச் சொல்றேனா?" மேஜைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். "என்னால முடியாது. நீதான் பாத்துக்கணும்."

"என்ன பாத்துக்கறது?"

"எனக்கு என்னடா தெரியும்" என்றாள். அதற்குமேல் பீன்ஸைக் கிளற எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பனி திரும்பவும் கொட்டியது. அண்ணனுக்குச் சளி பிடித்து வாசலுக்கு வர முடியவில்லை. அந்த நாட்களில், அவன் சொன்னபடி கழற்றி வைத்திருந்த பின்பக்க இருக்கையைத் திரும்பவும் மாட்டினேன். அடியில் இரும்புத் தகடு வைத்து, இனி யாரும் சுலபத்தில் கழற்ற முடியாதபடி முறுக்கினேன். முன் இருக்கைக்குப் பக்கத்தில் சிலிண்டருக்குப் பட்டையும் அடித்தேன். மிதவைச் சட்டைகளை அண்ணி சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள்.

அவன் எழுந்து வாசலுக்கு வந்த அன்று வெயில் அடித்தது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டான்.

"யாருக்குடா அது?"

"எனக்கு."

"ஒன்ன யாரு கூப்புட்டா?"

"யாரும் கூப்புடல. நானா வர்றேன்."

"பொறந்ததுலேருந்து என் பின்னாடியேதான் வர்ற. ஒண்ணுக்குப் போனாக்கூட" என்றான். இருமல் வந்துவிட்டது. கர்ச்சீப்பில் துப்பி, அதைப் பார்க்காமல் மடித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அப்பாவப் பாத்தல்ல நீ?"

"பாத்தேன்."

"அப்ப?"

நான் டிரில் மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டே, "அப்ப என்னன்னு எனக்குத் தெரியல அண்ணே. ஆனா சீட்டு இருக்கும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் படகைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஆனால் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தூண்டில் ரீல்களைப் பிரித்து எண்ணெய் போட்டான். பழைய நரம்பை உருவி எறிந்துவிட்டுப் புது நரம்பு சுற்றினான். கறுத்துத் தடித்த அந்த விரல்களால் இரைக்கான ரப்பர் புழுக்களை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினான். ஒவ்வொரு முள்ளையும் சின்ன அரத்தால் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தான். வழுக்கினால் மறுபடியும் தீட்டினான். நான் அதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். திரும்பி வரப்போவதில்லை என்று நினைப்பவன் முள்ளை இப்படியா கூர்பார்ப்பான்? ஒருவேளை நானும் அண்ணியும்தான் எதையோ கற்பனை செய்துகொண்டோமா?

வசந்தம் வந்து மலைச்சரிவில் ரெட்பட் மரங்கள் ஊதாவாகப் பூத்ததும் ஒருநாள் காலையில் கிளம்பினோம். ஏரியின் படகுத்துறையில் அவனைத் தூக்கித்தான் படகில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. காய்ந்த விறகைத் தூக்குவதுபோல இருந்தது. சுரங்கத்தில் என்னை ஒருமுறை தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் அவன். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டேன், எதிர்க்கவில்லை. அண்ணி கொடுத்தனுப்பிய பெட்டியில் சாண்ட்விச் ஒரு ஆளுக்கு வேண்டியதைவிட நிறையவே இருந்தது.

ஏரி அசையாமல் கிடந்தது. அணைக்கட்டுக்கு எதிர்ப்பக்கம், கரை உள்வாங்கிய ஒதுக்குக்குப் போனோம். தண்ணீர் அங்கே மார்பளவுகூட இருக்காது. சீக்கிரம் வெயில் ஏறும் இடம். அண்ணன் மோட்டாரை மிதித்துக் கரையோரமாகவே மெதுவாகக் கொண்டுபோனான். உட்கார்ந்தபடி, மணிக்கட்டை மட்டும் சுண்டி வீசினான். விழுந்த மரங்களின் கிளைகளுக்கு நடுவே, குறிவைத்த இடத்தில் போய் விழுந்தது இரை. இரண்டு வீச்சு, பிறகு ஓய்வு. சிலிண்டரின் மெல்லிய சீறல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் நான் நிஜமாகவே எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

அடுத்த வீச்சு கரைமேல் இருந்த புதரில் போய் மாட்டியது. இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"எறங்கி எடுத்துக் குடு" என்றான்.

"அறுத்துவிடு. வேற கட்டிக்கலாம்."

"நல்ல முள்ளுடா அது."

படகைக் கரைக்கு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் எழுந்து ஒரு காலைச் சேற்றில் வைத்தேன். மறு காலைத் தூக்கும்போது அவன் பாதத்தைப் பார்த்தேன். மோட்டாரின் மிதிமேல், அழுத்தாமல், தயாராக இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. படகின் முன்முனையில் கட்டிக் கிடந்த கயிற்றை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் இறங்கினேன்.

புதருக்குக் கை நீட்டியதும் மோட்டார் முனகியது. கயிறு விறைத்து என்னை முன்னால் இழுத்தது. திரும்பினேன். படகு தண்ணீரில் பின்வாங்கிக் கயிற்றின் நீளத்துக்குப் போய் நின்றிருந்தது. அண்ணன் மிதவைச் சட்டையைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டிருந்தான்.

"கயித்த விடு, எஸ்டில்."

"மாட்டேன்."

"விடுடா."

"மாட்டேண்ணே."

அவன் இன்னும் அழுத்தினான். என் பூட்ஸ் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது. குதிகாலை ஒரு வேரில் முட்டுக்கொடுத்து நின்றேன். சின்ன மோட்டார்தான், ஆனால் விடவில்லை. அடிமண் கிளம்பிப் படகைச் சுற்றிக் காப்பி நிறத்தில் பரவியது. கயிறு தோலை அறுத்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் ஏற்கெனவே ஒரு கட்டிலில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் எழுந்து வெளியே போய்விட்டான். எனக்குப் போக இடமில்லை. அழுதேனா என்று கேட்டால், அழுதேன். அவனும்தான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பேட்டரி இறங்கியதா, அவன் காலில் பலம் போனதா, முனகல் தணிந்து நின்றது. கயிறு தொய்ந்து தண்ணீரில் படிந்தது. அவன் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

அப்போது எங்களுக்கு இடப்பக்கம், விழுந்த மரத்தின் அடியில், தண்ணீர் திடீரென்று புரண்டது. பெரிய மீன். முதுகு ஒரு கணம் பச்சையாகத் தெரிந்து மறைந்தது. இருவருமே சட்டென்று தலையைத் திருப்பினோம். வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, கலங்கிய தண்ணீருக்குள் வந்து, படகின் பக்கத்தில் மெல்லத் தட்டின. அண்ணன் அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் கை மட்டும் இன்னொரு தூண்டிலைத் தேடிக் கம்பளத்தின்மேல் துழாவியது.