ஒக்கலிபுரம் அவுட்டரில் ஒன்பது முப்பத்திரண்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வரும் காலை ரயிலில், என் கண்ணெதிரே நடந்தது. கண்ணெதிரே என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆறு வாரமாக எழுதுகிறேன், முதல் வரியே உட்கார மாட்டேன் என்கிறது.

‘மேகம் கவிந்த ஒரு காலையில் மெர்சி...’ (மேகமாவது மண்ணாவது. வெயில் மண்டையைப் பிளந்தது.)

‘ரயில் நின்றது.’ இது போதும்.

2

ரயில் நின்றது. சிட்டி ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான், ஆனால் ஒக்கலிபுரம் அவுட்டர் சிக்னல் சிவப்பில் இருந்தது. மணி ஒன்பது முப்பத்திரண்டு. மெர்சி மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டாள். உள்ளே அவளுடைய சான்றிதழ்கள் அத்தனையும் இருந்தன. பத்து மணிக்கு மல்லேஸ்வரத்தில் ஓர் அலுவலகத்தில் அவற்றைச் சரிபார்ப்பார்கள். பத்தடித்தால் கதவை மூடிவிடுவார்கள். பதினோரு வருடம் கான்ட்ராக்டில் டைப் அடித்தவளுக்கு இப்போதுதான் நிரந்தர வேலை வாசல்வரை வந்திருக்கிறது. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இன்று விட்டால் விட்டதுதான்.

(அவளுடைய அப்பா சுரங்கத்தில் இறங்கிய கதையை இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல பக்கங்கள். அவள் அவசரத்தில் இருக்கும்போது எனக்கென்ன அலங்காரம் என்று கிழித்துப் போட்டேன்.)

“இதோ எடுத்துடுவான், உக்காருடி,” என்றாள் பக்கத்து சீட் சரசு. ஒன்பது வருட ரயில் சிநேகிதி.

“நேத்து இருவது நிமிஷம் போட்டு வெச்சான்க்கா. அப்புறம் ஸ்டேஷன் போயி, படி ஏறி எறங்கி, ஆட்டோ புடிக்கணும். ஆவாதுக்கா. இங்கயே எறங்கிட்டா பத்து நிமிஷத்துல போயிடுவேன்.”

“பைத்தியமாடி ஒனக்கு?”

“டெய்லி எல்லாரும் எறங்கறாங்கதான?”

சரசுவே எத்தனையோ முறை இறங்கியிருக்கிறாள்.

3

அந்த வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவுட்டரில் வண்டி நின்றால் அவசரக்காரர்கள் இறங்கி, பக்கத்துத் தண்டவாளத்தைத் தாண்டி, சுவர் உடைந்த இடத்தில் நுழைந்து ரோட்டுக்குப் போய்விடுவார்கள். பெட்டியைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துத்தான் இறங்க முடியும், முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதென்று தெரியாது. அதனால் வாசலில் நிற்கிறவர் எட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல வேண்டும். எங்கும் எழுதி வைக்காத விதி இது. அந்த வார்த்தையை நம்பித்தான் காலைக் கீழே வைப்பார்கள். தப்பென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும்

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. நான் நியாயம் பேசிக்கொண்டிருந்ததில் அங்கே மணி ஒன்பது முப்பத்தேழு ஆகிவிட்டது.

4

மெர்சி எழுந்தாள். கூட்டத்தில் தோளை நுழைத்து வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். முதல் பிரதியில் அவர் கல்லூரி மாணவர். இரண்டாவதில் குடிகாரர். மூன்றாவதில் காது கேளாத பெரியவர், அதில் யார் மேலும் குற்றம் இல்லை. மூன்றும் பொய்.

வாசலில் நின்றது நான்.

கையில் போன் இருந்தது. வேறொரு கதைக்கு அருமையான முதல் வரி கிடைத்திருந்தது. மறப்பதற்குள் தட்டிவிட வேண்டும்.

“அண்ணா, வண்டி எதுனா வருதா, பாத்துச் சொல்லுங்க.” அதற்குள் திரும்பி, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா, எறங்குங்க,” என்றேன்.

நான் பார்க்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவள் இறங்கினாள். அந்த நேரம் பார்த்து எங்கள் வண்டி நகர்ந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஹாரன் அலறியது. எதிர்வண்டி ஒன்று எங்களை உரசுவது போலப் பெட்டி பெட்டியாக ஓடியது. அது கடந்து முடிந்தபோது நாங்கள் வளைவைத் தாண்டிவிட்டோம்.

“எறங்கிட்டாளா?” என்று உள்ளிருந்து சரசு கேட்டாள்.

“எறங்கிட்டாங்க,” என்றேன்.

5

முடிவு (அ): ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மெர்சி கையெழுத்துப் போட்டாள். இதை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அழுதேன்.

முடிவு (ஆ):

செய்தித்தாளைப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை, பயம். அன்றிலிருந்து பஸ்ஸில்தான் வருகிறேன். மூன்று மணி நேரம், இடுப்பு ஒடிகிறது. கேட்பவர்களிடம் பஸ்தான் வசதி என்கிறேன். நான் கோழை, இதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

சரசு ரயில் புறப்படும் மாரிக்குப்பத்திலேயே ஏறுவாள். மூன்றாவது பெட்டி. கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் மெர்சிக்காகப் பக்கத்தில் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். வாசகரே, நாளைக் காலை நீங்கள் அந்த ரயிலில் ஏறுங்கள். கோரமண்டலைத் தாண்டியதும் அந்த இடத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருக்கலாம். சரசுவிடம் கேளுங்கள்.

பிறகு வந்து எனக்குச் சொல்லுங்கள். என் மனம் குளிரட்டும் என்று மட்டும், பார்க்காமல் சொல்லிவிடாதீர்கள்.