குணமாலாவுக்கு வந்த பார்சல்

அம்மாவின் போன் மூன்று நாட்களாகக் கத்திக்கொண்டிருந்தது.

"கடையில பொண்ணு வூட்டுக்காரங்க முகூர்த்தப் புடவ பாத்துக்கினு இருக்காங்க. இது டிங் டிங்னு வந்துக்கினே இருக்குது. நான் எந்தப் பார்சலும் போடலியேமா."

வாங்கிப் பார்த்தேன். 'குணமாலா, உங்கள் பார்சல் புறப்பட்டுவிட்டது.' ஒரே செய்தி, பதினான்கு முறை.

அது பார்சல் இல்லை. என் சோதனை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பார்சல் நிறுவனத்தின் மென்பொருளுக்கு இருநூறு சோதனைகள் எழுதினேன். அவற்றை ஓட்டிப் பார்க்க ஒரு வாடிக்கையாளர் வேண்டும். அவசரத்தில் அம்மாவின் பெயரையும் எண்ணையும் போட்டேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்த எண்ணுக்குச் செய்தி போகும். உண்மையான எண்ணைப் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். மாற்றுவதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆள் குறைப்புப் பட்டியலுக்கு என் பெயரைக் கொடுத்தவன் குழுத் தலைவன் அர்ஜுனன். 'ஜனனியின் பங்களிப்பு எதுவுமில்லை' என்று எழுதியிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சென்னையில் மென்பொருள் சோதனையாளர் மாநாடு. அழைப்பிதழில் அவன் படம். 'நான் தனியாக உருவாக்கிய இருநூறு சோதனைகள். மேடையில் ஓட்டிக் காட்டப்படும்.'

ஒத்திகை பார்க்கிறான். அம்மாவின் போன் கத்துகிறது. அவனுக்கு உள்ளே இருப்பதைப் படிக்கும் பழக்கம் கிடையாது. சோதனை தேறியது என்று திரையில் பச்சை வந்தால் போதும்.

"மாநாட்டுக்குப் போறதால நமக்கு இன்னா யூஸ்?" என்றார் நான் இப்போது வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்தில் என் மேலாளர் துர்காதேவி. "போன வருஷம் நான் போனேன். ஒரு பையும் பேனாவும் குடுத்தாங்க. பேனா எழுதலபா."

அனுமதிப் படிவத்திலும் அதே கேள்வி.

வீடு திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். அவனை மாட்டிவிட என் தவறையும் சொல்லியாக வேண்டும். அதுவும் முந்நூறு சோதனையாளர்கள் முன்னால். இனி எந்த நேர்காணலுக்குப் போனாலும் அந்த எண் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். போகாவிட்டால் அவனுக்குக் கைதட்டுவார்கள்.

பொன்னேரிக்கரை வந்தபோது படிவத்தை எடுத்தேன். 'தொழில் வளர்ச்சி' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவிடம் போனைக் கேட்டேன்.

"என் போன் இன்னாத்துக்கு?"

"ஒருத்தன பழி வாங்கணும்."

"சரி. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடு."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். போனின் சத்தத்தை அணைத்து வைத்தேன். அர்ஜுனன் ஓட்டிக் காட்டினான். திரை பச்சையானது. என் மடியில் போன் அதிர்ந்தது. கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

கேள்வி நேரம். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். மைக் வந்தது.

"ரொம்ப நல்லா இருந்துது சார். இன்னொரு தடவ ஓட்டுவீங்களா?"

விளக்கு கண்ணில் அடித்ததால் அவனுக்கு என் முகம் தெரியவில்லை. சிரித்தபடியே ஓட்டினான்.

போனை மைக்கருகே பிடித்தேன். டிங்.

"இது எங்கம்மா நம்பர் சார். இருநூறும் நான் எழுதுனது. நெஜ நம்பரப் போட்டது என் தப்பு. இன்னொரு தடவ ஓட்டுங்க."

இப்போது அவனுக்கு என் குரல் தெரிந்துவிட்டது. அவன் கை நகரவில்லை.

"ஓட்டு சார்," என்றது பின்வரிசை.

அவன் ஓட்டவில்லை. சோதனைக் கோப்பைத் திறந்து அந்த எண்ணைத் தேடினான். பெரிய திரையில் வரிகள் ஓடின. வாடிக்கையாளர்: குணமாலா. ஊர்: காஞ்சிபுரம். எழுதியவர்: ஜனனி.

அதை அவன் முதல் முறையாகப் படித்தான். முந்நூறு பேரும் கூடவே படித்தார்கள்.

அவன் படித்து முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.