யாரும் சுடாத ரிவால்வர்

அமெரிக்காவின் மொன்டானாவில் ஆர்வில் லிண்ட்குவிஸ்ட் சேர்த்து வைத்திருந்த பழைய ரிவால்வர்கள் பதினொன்று. பத்தை வாராவாரம் சுடுமைதானத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுத் தீர்ப்பார். பதினொன்றாவது, செய்த நாளிலிருந்து யாருமே சுடாதது. அதன் பெருமையே அதுதான். பின்னாலிருக்கும் சுத்தியலை இழுத்தால் குண்டு போடும் உருளை சுழன்று அதில் கோடு விழுமென்று அதைக்கூடச் செய்யாமல் இருபது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு வெள்ளைக் கையுறை கட்டாயம்.

அன்று வந்த நண்பர் டுவைட் கையுறையோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர்வில், உருளையைச் சுத்திக் கோடு விழுந்திருக்கேப்பா."

"முதல்ல உன் கண்ணாடியைத் தொடைய்யா."

டுவைட் குழலை முகர்ந்தார். ஆர்விலின் மூக்கருகே நீட்டினார். வெடிமருந்து வாடை குப்பென்று அடித்தது.

காபியோடு வந்த ஆர்விலின் மனைவி மார்ஜீன், டுவைட்டின் கையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வலப்பக்கமாக் குறி வைங்க. அது இடது பக்கம் இழுக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் ஆர்வில்.

"உருளைக்கிழங்குப் பாத்தியைத் தோண்டுற தரையணிலை வேற எதால சுடறது? மத்ததையெல்லாம் நீ தூக்கிட்டுப் போயிடறே. இது ஒண்ணுதான் வீட்ல சும்மா கெடந்துச்சு."