அவள் வீட்டில்தான் இருக்கிறாள்

நைஜீரியாவில் எங்கள் பெனின் நகரத்தில் விமானம் ஏறப்போகிறவன் பெற்ற தாயிடம்கூட வாயைத் திறக்க மாட்டான். போய்ச் சேர்ந்து அங்கிருந்து போட்டோ அனுப்பிய பிறகுதான் ஊருக்குத் தெரியும். முன்னாலேயே தெரிந்தால் கண் பட்டுவிடும், எவனாவது எதையாவது வைத்துவிடுவான். இதைக் கேட்டுச் சிரிக்கிற படித்த மேதாவிகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களும் சொல்லாமல்தான் போகிறார்கள்.

என் அக்கா இசோக்கெனும் அப்படித்தான் தென்னாப்பிரிக்காவுக்கு, ஜோகன்னஸ்பர்க் போனாள். நாற்பத்திரண்டு வயது, பதினான்கு வருஷக் கல்யாணம், பிள்ளை இல்லை. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கருமுட்டை எடுத்து வெளியே கரு உண்டாக்குகிறார்கள். "இந்த ஒரு தடவைதான், இதற்கு மேல் உங்கள் சொந்த முட்டையை நம்பி நாங்கள் இறங்க மாட்டோம்" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அத்தான் எஃபோசா முந்தின மாதமே போய், கொடுக்க வேண்டியதை ஆஸ்பத்திரிக் குப்பியில் கொடுத்துவிட்டு, கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலைக்குத் திரும்பிவிட்டார். அங்கே சிக்னலும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

பணத்துக்கு அக்கா கிரெடிட் கார்டை நம்பினாள். இரண்டு வருஷம் தையல் கடையில் முதுகொடிந்து சேர்த்த டாலரை ஈடாகக் கட்டி வாங்கிய கார்டு. வெளிநாடு போனால் முன்கூட்டியே தெரிவியுங்கள் என்று பேங்கில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை நிரப்பியும் வைத்தாள், கொடுக்கவில்லை. அந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிற பெண் அக்காவின் மாமியாரோடு ஒரே சர்ச்சில் பாடுகிறவள்.

"அவகிட்ட குடுக்கறதும் மார்க்கெட்ல தண்டோரா போடறதும் ஒண்ணுதான்டி," என்றாள் அக்கா.

தன் போனையும் நம்பரோடு என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். வெளிநாட்டில் இருந்தால் மணியடிக்கிற சத்தமே மாறிவிடுமாம், மாமியார் கண்டுபிடித்துவிடுவாளாம். எங்கள் இருவருக்கும் ஒரே குரல், அம்மாவே குழம்புவாள்.

"யார் கேட்டாலும் நான் வீட்ல இருக்கேன். புரியுதா இட்டோஹான்? போப்பாண்டவரே கேட்டாலும்."

"போய்ட்டு வாக்கா. இரட்டையா கொண்டு வா. ஒண்ணு எனக்கு."

"உனக்கு எதுக்கு? நீ ஒரு கோழியக்கூட ஒழுங்கா வளத்ததில்ல."

சிரித்துக்கொண்டுதான் போனாள்.

அந்த மாமியார்க் கிழவி சும்மா இருப்பாளா? மூன்றாம் நாள் தன் துணிக்கடைப் பெண்ணை விட்டு, பார்சல் ஆபீசிலிருந்து பேசுவதுபோல் போன் போட வைத்தாள். "மேடம் ஊர்ல இருக்கீங்களா, பார்சல் வாங்கிக்குவீங்களா?" பின்னாலேயே கிழவியின் இருமல் கேட்டது. "எங்க போவேன், வீட்லதான் கெடக்கேன்" என்று அக்கா குரலில் இழுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை ஆறரைக்கு மறுபடி போன். நான் எண்ணெயில் அக்கரா வடை போட்டுக்கொண்டிருந்தேன்.

"வணக்கம் மேடம். பேங்க்லருந்து பேசறேன். இசோக்கென் மேடம்தானே?"

"ஆமா, நாந்தான்."

பிறந்த தேதி கேட்டாள். சொன்னேன். அம்மாவின் குடும்பப் பெயர் கேட்டாள். எனக்கும் அதே அம்மாதானே, அதையும் சொன்னேன்.

"மேடம், இப்ப நீங்க தென்னாப்பிரிக்காவுல இருக்கீங்களா?"

அடி கிழவி, இன்று புது வேஷமா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தென்னாப்பிரிக்காவா? எனக்கு ரிங் ரோடு தாண்டவே நேரமில்ல. அடுப்புல எண்ணெ காயுது, சத்தம் கேக்குதா?"

"அப்ப இந்தக் கார்டை அங்க தேய்க்கறது நீங்க இல்லையா?"

"எவளோ திருடி! பிடிச்சு உள்ள போடுங்க. கார்டா, அத ஒடச்சுக் குப்பைல போடுங்க!"

"நன்றி மேடம். முடக்கிட்டோம்."

அக்கராவைத் திருப்பிப் போட்டேன். நன்றாகச் சிவந்திருந்தது.

ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி போனிலிருந்து என் நம்பருக்கு அக்கா. முந்தாநாள் ராத்திரி முட்டை பழுக்கிற ஊசி போட்டாகிவிட்டது. அவள் கடிகாரத்தில் ஒன்பது மணிக்குள், எங்களுக்கு எட்டு மணிக்குள், எடுத்தாக வேண்டும், தாண்டினால் உள்ளேயே உதிர்ந்துவிடும். பணம் கட்டாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்கள்.

"கார்டு போகலடி. மூணு தடவ தேய்ச்சாச்சு. பேங்குக்குக் கூப்பிட்டா, பதிஞ்ச நம்பர்லருந்து கூப்பிடுன்னு வச்சுடறா. என் நம்பர் உன்கிட்டதான இருக்கு. சீக்கிரம் பேசு."

காலையில் பேசியது கிழவியின் ஆள் இல்லை, நிஜ பேங்க்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா நம்பரிலிருந்து பேங்கைக் கூப்பிட்டேன். அதே பெண்.

"கார்டைத் தொறந்து விடும்மா. நான் தென்னாப்பிரிக்காவுலதான் இருக்கேன்."

"மேடம், இப்பத்தான அடுப்புகிட்ட இருக்கேன்னீங்க? பதிவாகியிருக்கு. போடட்டுமா?"

"ஐயோ, அது நான் இல்ல. நான் அவ தங்கச்சி. பொய் சொன்னேன். அவ ஆஸ்பத்திரில இருக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப வேற ஒருத்தர் பேர்ல ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னீங்க. கணக்கையே நிறுத்தறேன். கணக்குக்காரங்க நேர்ல வந்து முகத்தக் காட்டணும்."

அழுதேன், கெஞ்சினேன், அவளுடைய பிள்ளைகளை இழுத்துத் திட்டினேன். அவள் என்னை மேடம் என்று சொல்வதைக் கடைசிவரை நிறுத்தவில்லை. தெரிந்தவர்களிடம் எல்லாம் ஓடினேன். கையில் எங்கள் ஊர் நைராப் பணம் இருந்தவர்கள் இருந்தார்கள். அதை ஒன்றே கால் மணி நேரத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் அந்த ஊர் ராண்டாக மாற்ற எவனாலும் முடியவில்லை. அவள் கடிகாரத்தில் ஒன்பதரைக்கு அக்கா கூப்பிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து வந்தாள். திட்டவில்லை, அழவில்லை. கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அறைந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மாமியார் வந்தாள். சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"ரெண்டு வாரமா உன் மூஞ்சியப் பாக்கல. எங்க சுத்தப் போன? எம்புள்ள கடல்ல கெடந்து சம்பாதிக்கறான். உனக்குப் பிள்ளையா குட்டியா, வீட்ல கெடக்க என்ன கேடு?"

அக்கா சமையல்கட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"இட்டோஹான், ரெண்டு வாரமா நான் எங்க இருந்தேன்னு அம்மாகிட்ட சொல்லு."

கரண்டியோடு வந்து நின்றேன். அக்கா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதாம்மா. வீட்லதான் இருந்தா."

"அம்மாவுக்குக் காது கேக்கல. சத்தமா சொல்லுடி," என்றாள் அக்கா. "பேங்க்காரிகிட்ட சொன்ன மாதிரி சொல்லு."