பத்து இருபதுக்கு எடுத்த சிப்புகள்

"பத்துக்குப் பத்து பாஸ் சார்!" உதவியாளன் டென்சில் மேஜையைத் தட்டினான். "எஸ்.பி. ரோட்டுக் கடையில கத்திரிக்கா மாதிரி பொறுக்கின சிப்பு, சாட்டிலைட்ல போகப் போகுது!"

தேசிகன் சிரிக்கவில்லை. விண்வெளிக்கென்றே செய்த சிப்புகள் கிடைக்காத 1996ஆம் வருஷம். கடைச் சிப்பு கதிர்வீச்சைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அறிக்கையில் இரண்டு கட்டங்கள். கதிர் அறையிலிருந்து எடுத்த நேரம்: காலை 10.20. அளந்த நேரம் என்ற கட்டத்தில் பேனா இறங்க மறுத்தது. மணி இப்போது இரண்டு பத்து.

காமா கதிர் பட்ட சிப்பை ஒரு மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். விட்டால், சிராய்ப்பு காய்வதுபோல் தானே கொஞ்சம் தேறிவிடும். வருகிற எண் ஏமாற்றும். இந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவரே தேசிகன்தான்.

காலையில் சிப்புப் பெட்டியோடு கதிர் அறையிலிருந்து திரும்பிய ஜீப் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அவர் தெரு வழியாக வந்தபோது, வாசலில் சம்பந்தி வீட்டாரின் கார் நின்றது. மகள் தாரணியின் கல்யாணப் பேச்சுக்கு மாலையில் வரவேண்டியவர்கள். ஐந்து நிமிஷம் தலைகாட்டலாம் என்று இறங்கினார். மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்ப விவரம் கேட்டார். மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த தன் தகப்பனார் ஒரு காகிதத்திலும் தவறாகக் கையெழுத்துப் போட்டதில்லை என்று தேசிகன் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனார். எழுந்தபோது மனைவி மங்களம் காதோரம், "ஏன்னா, இலை போட்டாச்சு. சாப்பிடாம போனா அவா என்ன நினைப்பா?" என்றாள். சிப்புப் பெட்டி நாற்காலிக்கடியில் இருந்தது.

"பதினொண்ணு பத்துன்னு போடுங்க சார்," என்றான் டென்சில். "யாரு பாத்தா? நீங்க லேட்டுன்னு எழுதினா உங்க பேருதான் கெடும்."

"எங்கப்பா பேரை இப்பதானே அளந்துட்டு வரேன், டென்சில்."

2.10 என்று எழுதினார். அடியில் சிவப்பு மையில், 'சோதனை செல்லாது. தாமதம் என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் கூட்டத்தில் தன் வயதில் பாதி வயதுக்காரர்கள் முன் நின்று அதையே படித்தார். பின்வரிசையில் யாரோ, "தேசிகன் சாரா?" என்றது காதில் விழுந்தது.

கதிர் அறை மறுபடி கிடைத்தது வியாழன் காலை மட்டும். நிச்சயதார்த்தமும் அன்றுதான்.

"பொண்ணோட அப்பா இல்லாம நிச்சயமா? ஊர் சிரிக்கும்," என்றாள் மங்களம்.

"என் தம்பி சேஷகிரி மணையில உட்காரட்டும். சம்பந்திகிட்ட நானே காரணத்தைச் சொல்றேன்."

சொன்னார்.  போனில் அந்தப் பக்கமிருந்து, "சரி, வரோம்," என்று மட்டும் வந்தது.

வியாழனன்று பெட்டி அவர் மடியில் இருந்தது. வீட்டருகே டிரைவர் சின்னப்பா வேகம் குறைத்தார். வாசலில் மாக்கோலம். செருப்புகள் கொஞ்சம்தான் கிடந்தன. எல்லாரும் வந்தாயிற்றா, இவ்வளவுதான் வருவார்களா என்று தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் நிறுத்தட்டா சார்?"

"போப்பா."

ஒரு மணி நேரக் கெடு முடியுமுன், பத்து ஐம்பத்தெட்டுக்கு டென்சில் முதல் சிப்பைப் பொருத்தினான். கசியும் மின்னோட்டம் ஐம்பதைத் தாண்டினால் தோல்வி. மீட்டரில் சிவப்பு எண்கள் நிலைகொள்ளாமல் ஏறின. முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு. தேசிகன் முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, எண் எங்கே நின்றாலும் எழுத, காலிக் கட்டத்தின்மேல் பிடித்துக்கொண்டிருந்தார்.