ஒருத்தர் கழுத்திலும் கிடவாத பொன்

என்ரை மகன் லக்‌ஷன்ரை கலியாணத்துக்குத் தாலிப்பொன் உருக்கிற பொன்னுருக்குச் சடங்கு அண்டைக்கு லண்டனிலை எங்கடை மோர்டன் வீட்டிலை நடந்ததை நான் ஒளிக்காமல் சொல்லுறன். ஆர் என்ன கதைச்சாலும் கதைக்கட்டும். பிழை என்னிலையும் கிடக்கு.

முதல் என்ரை மனிசனைப் பற்றிச் சொல்லவேணும். பேர் சந்திரகுமார். ஜேர்மனியிலை பதினாறு வருசம் பீட்சாக் கடையிலை மா குழைச்சவர். பிறகு லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவிலை பழைய சாமான் அடுக்கிற யாட் ஒண்டு எடுத்து, இஞ்சை சனம் எறியிற பிறிட்ஜ், ரீவி, தேய்ஞ்ச ரயர் எல்லாத்தையும் கொன்ரெய்னரிலை அடைஞ்சு கானாவுக்கு அனுப்புறார். அங்கையிருந்து அவருக்கு இடைக்கிடை பொன் வரும். எப்பிடி வருது எண்டு ஒருக்கால்தான் கேட்டனான். "போறது எங்கடை குப்பை, வாறது அவங்கடை பொன். பொன்னுக்குக் கிடங்கு வெட்டுறவனுக்கு லண்டன் விலை தெரியாது, அதுதான் எங்களுக்கு ராசி" எண்டு சிரிச்சார். நானும் சேர்ந்து சிரிச்சனான். கையிலை புதுக் காப்பைப் போட்டுக்கொண்டு சிரிக்காமல் வேறை என்ன செய்யிறது?

எனக்கு அப்ப இருந்த ஒரேயொரு கவலை என்ரை மகள் கோசிகா. லக்‌ஷனுக்கு மூத்தவள். ரெண்டு தரம் வயித்திலை தங்கி, ரெண்டு தரமும் நிலைக்கேல்லை. இப்ப நாலு மாசம். "இந்தமுறை மட்டும் தந்திடு, பிள்ளையாரே" எண்டு நான் மண்டாடாத நாளில்லை.

தாலிக்கு வழமையா ஒரு தங்கக் காசைத்தான் உருக்கிறது. இவருக்கு அது போதாது. "என்ரை மகன்ரை தாலி ஒருத்தர் கழுத்திலையும் கிடவாத பொன்னிலை செய்யவேணும். மண்ணிலையிருந்து நேராத் தட்டுக்கு வரவேணும்" எண்டு நிண்டார். ஒரு கொக்கோத் தகரப் பேணிக்குள்ளை அது வந்துது. புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. பொன் எண்டு சொல்லவே மனம் வரேல்லை, அப்பிடி வெளிறிப்போய்க் கிடந்துது. "தலைக்குத் தோய வார்த்தால் எல்லாம் வடிவா வரும்" எண்டு பகிடி விட்டார்.

பேணியை யாட்டிலையிருந்து கொண்டுவந்து தந்தது அவரிட்டை வேலை செய்யிற கோஜோ. கானாவிலை, தன்ரை ஊரிலை பள்ளிக்கூடத்திலை இரசாயனம் படிப்பிச்சவன், இஞ்சை பிறிட்ஜ் தூக்கிறான். பேணியை என்ரை கையிலை வைச்சவன் போகாமல் வாசலிலை நிண்டான்.

"அன்ரி, இதை வீட்டுக்குள்ளை எரிக்கவேண்டாம். வெளியிலை, காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு எரிக்கவேணும். பொன்னை மண்ணிலையிருந்து பிரிக்கச் சேர்த்த மேர்க்குரி இதுக்குள்ளை இன்னும் இருக்கு, அந்தப் புகை நஞ்சு. எங்கடை பாஸிட்டைச் சொன்னனான், அவர் சிரிக்கிறார்" எண்டு இங்கிலிசிலை சொன்னான். மேர்க்குரி எண்டது பாதரசத்தை. பிறகு போனிலை ஒரு வீடியோ காட்டினான். அவன்ரை தம்பியாம். தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலையும் பிடிச்சிருக்கிறான், கோப்பை ஆடி ஆடித் தேத்தண்ணி எல்லாம் மடியிலை ஊத்துது. "இந்தக் கட்டியை எடுத்தது இவன்தான், அன்ரி."

அந்த நேரம் என்ரை மனம் போன போக்கைச் சொல்ல வெக்கமா இருக்கு. நல்ல காரியத்துக்கு நாள் வைச்ச வீட்டு வாசலிலை நிண்டு என்ன கதை கதைக்கிறான் எண்டு பத்திக்கொண்டு வந்துது. தன்ரை ஊர்ப் பொன் எங்கடை வீட்டுக்குப் போகுதே எண்ட எரிச்சல் எண்டு நினைச்சன். "தாங்ஸ்" எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டு, நேரே குசினிக்குப் போய் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, பேணியை மூண்டு தரம் சுத்தி அடுப்பிலை போட்டன். மிளகாய் துளிகூடக் கமறேல்லை. கமறாட்டில் நாவூறு இருந்ததெண்டுதானே கணக்கு? பாத்தியா, சரியாத்தான் பிடிச்சிருக்கிறன் எண்டு எனக்குப் பெரிய திருப்தி.

பொன்னுருக்கு அண்டு காலமை இவருக்குப் பொட்டு வைக்கேக்கைதான் கண்டன். கலியாண மோதிரத்திலை ஒரு பக்கம் வெள்ளையாய்ப் போயிருந்துது, வெள்ளி பூசினமாதிரி. "இதென்னப்பா?" எண்டன். "கட்டியைப் பிடிச்ச கை, கழுவினால் போயிடும்" எண்டார். கழுவினார், போகேல்லை. கோஜோவின்ரை வீடியோ கண்ணுக்கு முன்னாலை வந்துது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நிறைகுடம் வைச்சு, விளக்கேத்தி, நாப்பது சனம் வந்து இருக்கேக்கை அபசகுனமாய் ஒரு கதை சொல்ல எனக்கு நா எழும்பேல்லை.

ஸ்ட்ரெதமிலையிருந்து வந்த, நகை செய்யிற பத்தர் சற்குணம் கட்டியைக் கையிலை உருட்டிப் பாத்தார். "அக்கா, நான் இப்பிடி ஒண்டு உருக்கினதில்லை. தங்கக் காசு ஒண்டு இருந்தால் தாங்கோ, அதை உருக்குவம்" எண்டார். "வெள்ளி கலந்திருக்குமண்ணை, நீங்கள் ஊதுங்கோ" எண்டார் இவர். காஸ் ரோச் கொண்டுவந்த மனிசனை, ஊதுகுழலாலை ஊதினாத்தான் பொன்னுருக்கு எண்டு பிடிவாதம் பிடிச்சது நான். நெருப்பு அணைஞ்சால் கூடாதெண்டு யன்னலெல்லாம் பூட்டினதும் நான். ஸ்மோக் அலாம் கத்துமெண்டு அதுக்குக் குளிக்கிற தொப்பி ஒண்டைக் கட்டினதும் நான்தான்.

மாப்பிள்ளையின்ரை அக்கா எண்டு கோசிகா தட்டோடை பத்தருக்குப் பக்கத்திலை இருந்தாள். கரி சிவந்துது. கட்டியிலையிருந்து ஒரு புகை எழும்பி, வந்தது தெரியாமல் போச்சுது. மணமும் இல்லை. பிறகு கட்டி மஞ்சளாய் மாறி மினுங்கிச்சுது. சனம் "ஆகா" எண்டுது. தட்டிலை வெத்திலைக்கு நடுவிலை வைச்சு எல்லாருக்கும் காட்டினாள் என்ரை பிள்ளை.

பின்னேரம் அவளுக்கு இருமல் துடங்கிச்சுது. வாயெல்லாம் செம்புக் காசு சப்பினமாதிரி இருக்கு எண்டாள். விடியக் காய்ச்சலும் மூச்சிழுப்பும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினம். அங்கை போனால் சற்குணத்தார் எங்களுக்கு முதலே வந்து, மூச்சு விட மிசின் பூட்டிக் கிடக்கிறார்.

டொக்டர் பொம்பிளை. "வீட்டிலை என்ன எரிச்சனீங்கள்?" எண்டு கேட்டா. இவர் என்ரை கையை நெரிச்சார். "சாம்பிராணி" எண்டார். டொக்டர் எழுதிக்கொண்டு போனா. இவர் என்ரை காதுக்குள்ளை, "சுங்கத்துக்குக் காட்டாத பொன், வாயைத் திறந்தாய் எண்டால் குடும்பமே உள்ளுக்கை" எண்டார்.

நான் கொரிடோருக்கு வந்து கோஜோவுக்கு அடிச்சன். நடந்ததைச் சொன்னன். அவன், "மேர்க்குரி எண்டு உடனை சொல்லுங்கோ, அன்ரி. அவையிட்டை மருந்து இருக்கு. மகளுக்கு வயித்திலை பிள்ளை எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ" எண்டான்.

"அங்கை உங்கடை சனம் இதுக்கு என்ன செய்யிறது, கோஜோ?"

"பால் குடிப்பினம்."

"அதாலை சுகம் வருமே?"

"இல்லை, அன்ரி. என்ரை தம்பி கிடங்கிலை எடுக்கிறதை அவன்ரை மனிசிதான் குசினியிலை எரிக்கிறது, மீன் பொரிக்கிற அதே சட்டியிலை. வெளியிலை எரிச்சால் களவெடுப்பாங்கள். நாலு பிள்ளை பெத்தவ. ஒண்டு இருக்கு. அது இன்னும் நடக்கேல்லை."

அந்தப் பெட்டையின்ரை குசினியிலையிருந்து வந்ததைத்தான் நான் வெத்திலைக்கு நடுவிலை வைப்பிச்சுச் சாமி எண்டு கும்பிட்டனான். அவள் இவ்வளவு காலமும் அதுக்குள்ளை நிண்டு மூச்சு விட்டவள், ஒரு டொக்டரும் அவளிட்டை என்ன எரிச்சனீ எண்டு கேக்கேல்லை.

திரும்பி வர, என்ரை முகத்தைக் கண்டதும் இவருக்கு விளங்கியிட்டுது. "சரி, சொல்லத்தான் வேணுமெண்டால் கோஜோ தந்தவன் எண்டு சொல்லு. அவன்ரை விசா என்ரை கையிலை, அவன் வாய் திறக்கான்."

"த்தூ, நீங்களும் ஒரு மனிசனே!" எண்டன். வார்ட்டிலை நிண்ட சனம் திரும்பிப் பாத்துது. பாக்கட்டும். டொக்டரைத் தேடிப் போய், "மேர்க்குரி. ஆப்பிரிக்காவிலையிருந்து என்ரை மனிசன் களவா எடுப்பிச்ச பொன். உருக்கச் சொன்னது நாங்கள். வேறை ஒருத்தரிலையும் பிழையில்லை" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை சொன்னன். டொக்டரின்ரை முகம் மாறிச்சுது. ஆக்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினா. இவர் கதிரையிலை இருந்து அந்த மோதிரத்தைக் கழட்டப் பாத்துக்கொண்டிருந்தார், அது கழரேல்லை.

ஸ்கான் பண்ணினவை. பிள்ளையின்ரை இதயம் துடிக்குதாம். "இண்டைக்குத் துடிக்குது. இனி வாறதை இப்ப சொல்ல ஏலாது" எண்டா டொக்டர்.

பின்னேரம் என்னைக் கோசிகாவிட்டை விட்டவை. அவள் மாஸ்க்கை விலத்தினாள்.

"அம்மா, வாசலிலை கோஜோ உங்களோடை கனநேரம் கதைச்சவர். யன்னலாலை கண்டனான். இதைத்தானே சொன்னவர்?"

பொய் சொல்ல நாக்கிலை வந்துது. விழுங்கிப்போட்டன்.

"ஓம் பிள்ளை."

"பிறகேன் என்னை அதுக்குப் பக்கத்திலை இருத்தினீங்கள்?"

"அவன் எரிச்சலிலை சொல்லுறான் எண்டு நினைச்சிட்டன்."

அவள் மாஸ்க்கைத் திரும்பப் போட்டாள். ரெண்டு கையையும் வயித்திலை பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.